எம்பூனா தொட்டி: ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை

மார்ச் கடைசியில் ஒரு நாள் காலை லைட்டைப் போட்டதும் மஞ்சள் மீன் ஒன்றைக் காணோம். தேடிப் பார்த்தால், ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில், தண்ணீரின் மேல்மட்டத்தில் தலை மேலாக ஒட்டிக்கொண்டு நின்றது. வாலில் நாலைந்து முள் மட்டும் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நாலடித் தொட்டியில் எட்டே எட்டு மீன், ஆளாளுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அந்தத் தாராளம்தான் பிரச்சினை என்று புரிய இன்னும் இரண்டு மாதம் ஆனது.

முதலிலிருந்து சொல்கிறேன். ஜனவரியில் வாங்கிய தொட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கணக்குப்படி 255 லிட்டர், கல்லும் மணலும் போக 210 தேறும். ஆஃப்ரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளுக்கு நடுவே வாழும் சிக்லிட் குடும்பத்துச் சிறிய மீன்களை எம்பூனா என்கிறார்கள், அந்த ஏரிக்கரை மக்கள் வைத்த பெயர். ஏரி சுமார் 580 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 700 மீட்டர். அதில் நூற்றுக்கணக்கான வகை சிக்லிட், பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. எனக்குப் பிடித்தது நிறம்தான், பொய் சொல்வானேன். கடல் மீன் நிறம், ஆனால் கடல் தண்ணீர் கலக்கும் வேலை இல்லை.

தண்ணீர் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். துணி வெளுக்காத, பக்கெட்டில் வெள்ளை படிய வைக்கிற எங்கள் வீட்டு போர் தண்ணீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7.9. மலாவி ஏரியில் 7.7-லிருந்து 8.6 வரை. அதனால் எதுவுமே கலக்கவில்லை. பவளத் துண்டு போடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். நம் கடலில் பவளம் எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. பி.எச். குறைவாக இருப்பவர்கள் கிளிஞ்சலைக் கழுவி வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தாலே ஏறும்.

மணலுக்குத்தான் அலைந்தேன். எம்-சாண்ட் கூர்மையானது, மண்ணை வாயில் அள்ளித் துப்புகிற மீனுக்கு ஆகாது. பக்கத்துத் தெருவில் பழைய வீடு இடித்த இடத்தில் ஒரு மூட்டை ஆற்று மணல் கெஞ்சி வாங்கி வந்து, கழுவிக் கழுவி இடுப்பு விட்டுப்போனது. கருங்கல்லை முதலில் அடிக் கண்ணாடியில் தெர்மகோல் விரித்து அதன்மேல் அடுக்கி, அப்புறம்தான் மணல் கொட்டினேன். மணல்மேல் கல்லை வைத்தால் மீன் அடியில் தோண்டும், கல் சரியும், கண்ணாடி போகும். மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளரட்டும் என்று மீன் இல்லாமல் ஐந்து வாரம் ஓடவிட்டேன். பி.எச். அதிகமான தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கடுமை என்பதால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படவில்லை.

அவசரப்பட்டது மீன் வாங்கும்போது. எலெக்ட்ரிக் யெல்லோ நாலு, ரெட் ஜீப்ரா மூன்று எடுத்தாகிவிட்டது. பக்கத்துத் தொட்டியில் மஞ்சள் உடம்பில் கருப்பும் வெள்ளையுமாகக் கோடு இழுத்த ஒன்று, இரண்டு இஞ்ச்கூட இருக்காது. அவ்ராட்டஸ் என்றார் கடைக்காரர். "சண்டை போடுமாண்ணே?" என்று கேட்டேன். "சின்னதுலேர்ந்து ஒண்ணா வளர்ந்தா ஒண்ணும் பண்ணாது சார்." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கையில் போன் இருந்தது, இரண்டு நிமிடம் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டு வாரம் சமர்த்தாக இருந்தது. பிறகு அதன் வயிறு அழுக்குப் பிடித்த மாதிரி மங்கியது. நோய் என்று பயந்தேன். நாளுக்கு நாள் அந்த அழுக்கு மேலே ஏறி, ஒரு மாதத்தில் மஞ்சள் இருந்த இடம் கறுத்து, கறுத்த கோடு இருந்த இடம் வெளிறிவிட்டது. போட்டோ நெகட்டிவ் பார்ப்பது போல இருந்தது. ஆதிக்கத்துக்கு வந்த ஆண் அவ்ராட்டஸ் இப்படித்தான் நிறம் மாறும். அன்றிலிருந்து தொட்டியின் இடது பாதி அவனுடையது, ஒரு வாரத்தில் வலது பாதியும். மற்ற ஏழும் மேல் மூலையில் கும்பலாக நின்றன.

அம்மா சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நீ ஒழுங்கா சாப்பாடு போடறியாடா? பசியிலதான் இப்படிப் பாயுது" என்றார். பசி இல்லை. ஆனால் அம்மா பேச்சைக் கேட்டுச் சாப்பாட்டைக் கூட்டினேன், அதுவும் ரத்தப்புழு. இரண்டாவது தப்பு. எம்பூனாக்களில் பெரும்பாலானவை பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பவை, குடல் நீளம். மாமிசச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஜீப்ரா ஒன்று சாப்பிடுவதை நிறுத்தியது, வெள்ளை நூல் மாதிரி கழிந்தது, வயிறு உப்பியது, ஐந்தாம் நாள் போய்விட்டது. மஞ்சளில் இரண்டு அடிபட்டே செத்தன. ஏப்ரல் முடியும்போது எட்டில் ஐந்து மிச்சம்.

கல்லை மாற்றி அடுக்கிப் பார்த்தேன். எல்லை குழம்பியதில் மூன்று நாள் அமைதி, நாலாம் நாள் பழைய குருடி. அவ்ராட்டஸை மட்டும் ஒரு வாரம் வலைக்கூண்டில் போட்டு, திரும்ப விட்டேன். பத்து நிமிடத்தில் பழைய இடத்தைப் பிடித்தான்.

மே மாதம் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. தண்ணீர் 32 டிகிரி. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ தேவை கூடும். ஐந்தும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவ்ராட்டஸும் மஞ்சளும் அரை இஞ்ச் இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில், கிணற்றடியில் குடம் வைத்துக் காத்திருப்பவர்கள் மாதிரி. நான் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்து கால் மணி நேரத்தில் துரத்தல் ஆரம்பம். மறுநாளே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வாங்கினேன். எம்பூனா வைத்திருப்பவர்கள் ஃபில்டருக்கு முன்னால் இதை வாங்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவ்ராட்டஸை வெளியேற்றுவது என்று முடிவு. வலை போட்டால் கல்லுக்குள் போய்விடுவான். கடைசியில் மொத்தக் கல்லையும் வெளியே எடுத்து, தண்ணீரைப் பாதியாக இறக்கி, இரண்டு வலையை வைத்து மடக்க வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம், வீடெல்லாம் ஈரம். ஆறடித் தொட்டி வைத்திருக்கும் நண்பர் வாங்கிக்கொண்டார். அங்கே அவனைவிடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள்.

நிம்மதி ஒரு ராத்திரிதான். மறுநாள் காலை பெரிய ஜீப்ரா அதே இடது மூலையில் நின்று அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. இத்தனை நாள் ஒளிந்து கிடந்த அதே ஜீப்ரா. அப்போதுதான் நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. நாலு மீன் இருக்கும் தொட்டியில் ஒருவன் நாள் முழுக்க ஒருவனையே துரத்தலாம். பதினெட்டு இருந்தால் எவனைத் துரத்துவது என்று அவனுக்கே தெரியாது. எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி அனுபவஸ்தர்கள் எழுதியதை முன்பே படித்திருக்கிறேன். மீன் வியாபாரத்துக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஜூன் முதல் வாரம் சென்னையில் வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய், பார்த்துப் பார்த்து எடுத்தேன். மஞ்சள் ஆறு, ஜீப்ரா நாலு, மைங்கானோ என்ற இன்னொரு எம்பூனா நாலு. பதினாலையும் ஒரே நாளில். ஒவ்வொன்றாக விட்டால் ஒவ்வொன்றாக அடிபடும். கல்லையெல்லாம் புதிதாக அடுக்கினேன், இந்த முறை மேல்மட்டத்துக்கு அரை அடி கீழே வரை ஒரு சுவர் மாதிரி, ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனை தெரியாதபடி. லைட்டை அணைத்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு விட்டேன். தூக்கமே இல்லை, இரண்டு முறை எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

துரத்தல் நிற்கவில்லை. ஆனால் மூன்று அடி துரத்திப் போவதற்குள் நடுவில் இன்னொன்று குறுக்கே வருகிறது, ஜீப்ரா அதை முறைக்கிறது, முதல் ஆள் தப்பிவிடுகிறது. வால் கிழிந்தால் வாரத்தில் வளர்ந்துவிடுகிறது. அன்றிலிருந்து இன்றுவரை சாவு இல்லை. இதற்கு விலை உண்டு: இரண்டாவதாக ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைப்பது), வாரா வாரம் நாற்பது சதவீதம் தண்ணீர் மாற்றம். தவறினால் மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் ஏறிவிடுகிறது. சாப்பாடு இப்போது ஸ்பைருலினா பாசித் தீனி மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு சிட்டிகை.

ஜூலையில் ஒரு சாயங்காலம் இரண்டு மஞ்சள்கள் ஒரு தட்டைக் கல்மேல் வட்டமடித்தன. பெண் முட்டை போட்டு, திரும்பி, உடனே வாயில் எடுத்தது. பிறகு ஆணின் பின்துடுப்பை வாயால் கொத்தியது. அந்தத் துடுப்பில் முட்டை மாதிரி புள்ளி இருக்கும். அதை முட்டை என்று எடுக்கப் போகும்போதுதான் விந்து வாய்க்குள் போய் முட்டை கருத்தரிக்கிறது என்பார்கள். மறுநாளிலிருந்து அதன் தாடை பை மாதிரி தொங்கியது. சாப்பாடு போட்டால் பக்கத்தில் வரும், முகர்ந்துவிட்டுப் போகும்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இவ்வளவு ஆச்சரியம்? எங்க ஊர் ஏரியில ஜிலேபி இப்படித்தானே குஞ்ச வாயில வச்சிருக்கும்" என்றார். ஜிலேபிக் கெண்டையும் ஆஃப்ரிக்கச் சிக்லிட்தான், 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டதை அம்மா பத்து வயதில் ஏரிக்கரையில் பார்த்திருக்கிறார்.

பதினெட்டாம் நாள் ராத்திரி அந்தப் பெண் மஞ்சளை இரண்டடித் தொட்டிக்கு மாற்றினேன். இருபத்திரண்டாம் நாள் துப்பியது. பதினொரு குஞ்சு, அரிசி நீளம்.

இப்போதைய நிலவரம்: பெரிய தொட்டியில் பதினெட்டு. பெரிய ஜீப்ரா இடது மூலை மணலைத் தோண்டித் தோண்டி அடிக் கண்ணாடி தெரிகிறது, தெர்மகோல் ஓரம் எட்டிப் பார்க்கிறது. ஞாயிறு மணலைத் தள்ளி மூடுகிறேன், செவ்வாய்க்குள் மறுபடி பள்ளம். மூலைக்கல்லை மட்டும் சிலிக்கான் வைத்து ஒட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.