ஜூலை 1-க்கு முன்னும் பின்னும்

2023 செப்டம்பர் 4

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலிருந்து என் பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. பிறந்த தேதி 1987 பிப்ரவரி 19. பெற்றோர் முகவரி, இலங்கை அகதிகள் முகாம். இத்தனை ஆண்டுகளாக என்னை வெளியாள் என்று காட்டிவந்த அந்த முகவரியே நான் இந்த மண்ணில் பிறந்தவள் என்பதற்கு இன்று சாட்சியாக நிற்கிறது. 1955 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3 ஆவது பிரிவின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்கள், அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலரைத் தவிர, பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் இந்தியக் குடிமக்களே. மண்டபம் முகாமில் 1986 இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022 இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகுதான் எங்கள் முகாமில் பலருக்கும் இது தெரியவந்தது.

தங்கை அதே முகாமில் 1988 அக்டோபரில் பிறந்தவள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது அப்போது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "முதல்ல உன் வேலைய முடி அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

செப்டம்பர் 18

கடவுச்சீட்டுக்கு 1,500 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிட்டேன்.

செப்டம்பர் 29

விசாரணைக்கு வந்த காவலர் மரியாதையாகவே பேசினார். "எந்த வருஷம் வந்தீங்க?" என்று கேட்டதற்கு, "வரல சார், இங்கயேதான் பிறந்தேன்" என்றேன். முகாம் பதிவேட்டைப் புரட்டியபோது, என் பெயருக்கு நேராக "வந்த ஆண்டு: 1985" என்று எழுதியிருந்தது. குடும்பத்தலைவரான அப்பாவின் வருகையை அவருக்குக் கீழே இருந்த எல்லாப் பெயர்களுக்கும் யாரோ எழுதிவிட்டிருக்கிறார்கள். பிறப்பதற்கு 2 ஆண்டுகள் முன்பே நான் படகில் வந்திறங்கியதாக ஒரு அரசுப் பதிவேடு சொல்லிக்கொண்டிருப்பதும், இவ்வளவு காலமாக அதை ஒருவரும் கவனிக்காததும் என்னை மிகவும் வருத்தின. காவலர் சான்றிதழின் நகலை வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 8

கூடலூரிலிருந்து அத்தை வந்திருக்கிறார். மஞ்சள் பைக்குள் புடவைத் துணியில் சுற்றியிருந்தது தாத்தாவின் கடவுச்சீட்டு. இலங்கையில் கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகம் 1974 இல் வழங்கியது. படத்தில் தாத்தா கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையுடன் இருக்கிறார். கையெழுத்துக்கான இடத்தில் கைரேகை. பிள்ளைகளின் பெயர்களில் இரண்டாவதாக, மை மங்கி, அப்பாவின் பெயர் இருந்தது. அப்போது அவருக்கு 16 வயது.

1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானபோது, தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருந்தவர்களிடம் யார் விருப்பம் கேட்டார்கள்? தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். 1979 இல் தலைமன்னாரில் கப்பலேறி, கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1977 கலவரத்துக்குப் பின் வவுனியாவில் காடு வெட்டி நிலம் திருத்தியிருந்த அப்பா, அதை விட்டுவர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். அவர் உயிருக்குத் தப்பி வந்த 1985 இல் கப்பல் ஓடவில்லை, படகில்தான் வந்தார். அதனால் தந்தை தாயகம் திரும்பியவர், மகன் அகதி. இறக்கும்வரை அப்பா முகாமில் மாதாமாதம் வரிசையில் நின்று கையெழுத்திட்டார். தன் பெயர் ஓர் இந்தியக் கடவுச்சீட்டில் இருப்பதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

அக்டோபர் 12

சிறுவயதிலேயே அப்பா இந்தியக் குடிமகனாகப் பதிவானதை நிறுவிவிட்டால், 1988 இல் பிறந்த மகளுக்கும் உரிமை உண்டு என்று வாதிடலாம் என்றார் வழக்கறிஞர். சிக்கல் பிறந்த ஆண்டில்தான்: கடவுச்சீட்டில் 1958, முகாம் பதிவேட்டில் 1960. இருவரும் ஒருவரே என்று அத்தை உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 21

தங்கையின் மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூல ஆவணத்தை வழக்கறிஞரிடம் விட்டுச்செல்ல அத்தை சம்மதிக்கவில்லை. "எப்பக் கூப்பிட்டாலும் நானே கொண்டாந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, அதைப் பழையபடி துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். தங்கை பேருந்து நிலையம்வரை அந்தப் பையைச் சுமந்து சென்றாள்.