கட்டைவிரலில் மூன்று சுருக்கங்கள்

"கையை ஏதாவது தொட்டீங்களா, தம்பி?" என்று அந்த ஓவியர் கேட்டார். "இல்ல சார், அளவை மட்டும்தான் கூட்டினேன்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். மாதங்கள் ஆகியும் நான் சொன்ன அந்த வரி என்னை விடவில்லை.

ஒரு பாட்டி ஊசியில் நூல் கோக்கும் படம். டேப்லெட்டில் வரைந்தது. வந்த ஃபைல் 3600-க்கு 2400 பிக்சல். அதை நான் பெரிதாக்கி கேன்வாஸில் அச்சிட்டுத் தர வேண்டும், 12 அடி அகலம், 8 அடி உயரம். அந்த அளவில் ஓர் அங்குலத்துக்கு 25 பிக்சல்தான் விழும். 12 அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அதுவே போதும், கண் அதற்கு மேல் பிரித்துப் பார்க்காது. ஆனால் மாட்டப்போவது ஒரு நடைபாதையில். 4 அடியில் நிற்பார்கள். அதற்கு 70-க்கு மேல் இருக்க வேண்டும்.

வழக்கமான முறையில் பெரிதாக்கிப் பார்த்தேன், விளிம்பெல்லாம் குழைந்துபோனது. அப்புறம் ஏஐ மென்பொருளில் 4 மடங்கு போட்டேன். 14,400-க்கு 9,600, கோடுகள் கச்சிதம். 100 சதவீதத்தில் வைத்து மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் கட்டைவிரலில் நின்றுவிட்டேன். ஓவியர் அங்கே நகத்தை ஒட்டி ஒரே இழுப்பில் பழுப்பு நிறத்தை வைத்து அப்படியே விட்டிருந்தார். கோடு கிடையாது, நிழல் கிடையாது. மென்பொருள் அதன்மேல் மூன்று சுருக்கங்களைப் போட்டிருந்தது.

மூலப் படத்தை மேல் லேயராக வைத்து, அந்த இடம் மட்டும் தெரியும்படி மீதியை மறைத்து மாஸ்க் போட்டால் ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை. நேரம் இல்லாமல் இல்லை. அந்தச் சுருக்கங்கள் எனக்குப் பிடித்திருந்தன.

பெரிதாக்குவது என்றாலே இல்லாததைச் சேர்ப்பதுதானே. சாதாரண முறையிலும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து நடுவில் புதிதாக ஒன்றை வைக்கிறோம். சட்டத்தில் மடித்து அடிக்க நான்கு ஓரத்தையும் 2 அங்குலம் கண்ணாடிப் பிம்பமாக நீட்டினேன். அதையும் அவர் வரையவில்லை. அச்சு மைகளுக்கான நிறமுறையான சிஎம்ஒய்கே-க்கு மாற்றும்போது சேலையின் நீலம் ஊதாவுக்குச் சாய்ந்தது, மெஜந்தாவைக் குறைத்து இழுத்துப் பிடித்தேன். இதெல்லாம் தொட்டதில் சேராது என்றால் மூன்று கோடுகள் மட்டும் எப்படிச் சேரும்?

இப்படி யோசித்தால் சமாதானமாகத்தான் இருக்கிறது. உடனே சேம்பிள் ஞாபகம் வந்துவிடும். ஓர் அடித் துண்டை நிஜ அளவில் அச்சிட்டு முதலிலேயே அவரிடம் காட்டியிருந்தேன். சேலை மடிப்பிலிருந்து எடுத்த துண்டு. அடர்ந்த இடத்தில்தான் மை தேங்கும், சோதிக்க வேண்டியதும் அதைத்தான். காரணம் சரியானதுதான். ஆனால் கையிலிருந்தும் ஒரு துண்டு எடுக்கலாமே என்று அப்போதே தோன்றியது. தோன்றியதும் நினைவிருக்கிறது, வேண்டாம் என்று விட்டதும் நினைவிருக்கிறது.

மாட்டிய அன்று அவர் நேராகக் கையருகே போனார். கேட்டார், சொன்னேன். "சரி" என்றார். கேன்வாஸில் படாமல் அந்த இடத்துக்கு முன்னால் விரலைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். தான் வரைந்த கை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் ஏன் மேலே கேட்கவில்லை? அவர் இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது பெரிதாக்கிய ஃபைலையும் மூல ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய இடங்களை வட்டமிட்டு அனுப்புகிறேன். முகமோ கையோ இருந்தால் கட்டாயம். போன மாதம் ஒரு மரப்பட்டையில் புதிதாக வந்த வெடிப்புகளை வட்டமிடவில்லை. மரம்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவ்வப்போது திறந்து, மூலப் படத்தை மேல் லேயராக வைத்து, அதை அணைத்தும் போட்டும் பார்ப்பேன். சுருக்கம் உள்ள விரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஒருநாள் நானே ஓர் ஊசியை எடுத்து நூல் கோத்துப் பார்த்தேன். ஊசியை அழுத்திப் பிடிக்கும்போது கட்டைவிரலில் தோல் இழுபட்டு வழவழவென்று ஆகிவிடுகிறது. அதனால்தான் அவர் அந்த இடத்தை அப்படியே விட்டாரோ, என்னவோ.