புறவாசல் வெள்ளம்: ஐப்பசி முதல் ஆனி வரை

எங்கள் ஊரில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். குடிக்கிற வெள்ளம், குளிக்கிற வெள்ளம், காலில் மிதிபடுகிற வெள்ளம். குமரி மாவட்டத்தில் பனச்சமூட்டுப் பக்கம், கேரள எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். அதனால் ‘புறவாசலில் வெள்ளம் நின்றது’ என்று நான் எழுதினால் படகு தேடாதீர்கள். கணுக்கால் அளவுதான். ஆனால் அந்தக் கணுக்கால் அளவு, சமையலறைச் சுவரில் ஒன்றரை அடிக்கு ஓதம் ஏற்றி, பெயின்டைச் செதில் செதிலாக உரித்துவிட்டது.

இடம் 12 சென்ட். மேலே ரப்பர் விளை, தட்டுத் தட்டாக ஏறிப் போகும். கீழே பக்கத்து வீட்டுச் சேச்சியின் மரச்சீனி, அதாவது மரவள்ளி. நடுவில் நாங்கள். வீட்டுக்காரர் மஸ்கட்டில், நான், மாமா, இரண்டு பிள்ளைகள். மாமி போனபிறகு புறவாசல் என் பொறுப்பானது.

முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் மாவட்டமே மிதந்ததல்லவா, அப்போது சமையலறைக்குள் வெள்ளம் ஏறியது. மழை விட்டதும் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, பின்சுவரை ஒட்டி 6 அடி அகலத்துக்குக் கான்கிரீட் போட்டேன். மண் தெரியாவிட்டால் ஈரமும் தெரியாது என்று நினைப்பு. இரண்டு வருடத்தில் அடிமண் அமுங்கி, கான்கிரீட் வீட்டுப் பக்கமாகவே சாய்ந்தது. மழை பெய்தால் சுவருக்குத் தட்டில் வைத்துப் பரிமாறுகிற மாதிரி வெள்ளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது.

போன ஐப்பசியில்தான் புத்தி வந்தது. அடைமழை நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். வெள்ளம் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் கலங்கலாக இருக்கிறது என்று பார்த்து, தேங்கிய இடத்திலெல்லாம் மரச்சீனிக் கம்பு நட்டேன். “எம்மா, நீ என்ன மழைக்குப் பைத்தியமா?” என்று மகன் திண்ணையிலிருந்து கேட்டான். நாலைந்து மழைக்குப் பிறகு கம்புகளைப் பார்த்தால், ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றன. பின்பக்கக் கையாலையில், அதாவது எல்லைச் சுவரில் தொடங்கி, சமையலறை மூலையை உரசி, கிணற்றுப் பக்கம் போகிற கோடு. கிணறு ஏன் மழைக்காலத்தில் சிவந்துபோகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அளவு தெரியாமல் வேலை செய்யக்கூடாது என்று கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இது தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் பெருக்கல். எங்கள் கூரை 1,100 சதுர அடி, அதாவது 102 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 5,100 லிட்டர். அதில் பாதி பின்பக்கம் இறங்குகிறது. இறங்குகிற குழாயின் வாய் எங்கே இருந்தது தெரியுமா? சுவரின் காலடியில். மேலே ரப்பர் விளையைத் திட்டிக்கொண்டிருந்தேன், என் கூரை வெள்ளமே என் சுவரை நனைத்துக்கொண்டிருந்தது.

மாசியில் மண் காய்ந்ததும் மட்டம் பார்த்தேன். ரசமட்டம் 14 அடி தூரத்துக்கு உதவாது. கொத்தனார்கள் வைத்திருக்கிற மாதிரி, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் 10 மீட்டர் வாங்கி, வெள்ளம் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு கம்பில் கட்டி, கம்பில் அளவு நாடாவை ஒட்டினேன். டியூப்புக்குள் ஒரு குமிழி இருந்தாலும் அளவு பொய். இதை நான் ஒரு முழுச் சாயங்காலத்தைத் தொலைத்துத் தெரிந்துகொண்டேன். குமிழி போக, டியூப்பை வாளியிலிருந்து மெதுவாக உறிஞ்சி நிரப்ப வேண்டும். கொஞ்சம் மஞ்சள் பொடி கலந்தால் கோடு நன்றாகத் தெரியும்.

முடிவு: பின்சுவரிலிருந்து கையாலை 14 அடி. கையாலை ஓரம் சுவரோரத்தைவிட 7 அங்குலம் மேலே. அதாவது முற்றம் முழுக்க வீட்டைப் பார்த்துக் குனிந்து நிற்கிறது. வீட்டை விட்டு 10 அடிக்கு 6 அங்குலமாவது இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பிள்ளைகளை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போனபோது ‘பறளியாற்றுக்கு மேலே இவ்வளவு உயரத்தில் பம்ப் இல்லாமல் வெள்ளம் எப்படிம்மா போகுது’ என்று மகள் கேட்டதற்குச் சரிவுதான் என்று பெரிய ஆளாகப் பதில் சொன்னவள் நான். என் புறவாசல் சரிவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் 14 வருடம் குடியிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கட்டும்போது அடித்தளத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் இருக்கப் போட்ட பூச்சு, இப்போது கான்கிரீட்டுக்குக் கீழே புதைந்து கிடந்தது. அதைத் தாண்டி மண்ணோ சிமென்டோ சுவரில் சாய்ந்தால், ஓதத்துக்கு ஏணி வைத்துக் கொடுத்த மாதிரிதான். சுவரோரம் பூச்செடி வைக்க மண் மேடு போடுகிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண் எவ்வளவு வேகத்தில் உறிஞ்சுகிறது என்றும் சோதித்தேன். ஒரு அடி ஆழக் குழி, ஒரு தடவை நிரப்பி ஊற விட்டு, மறுபடி நிரப்பி, ஸ்கேல் வைத்து இறக்கத்தைப் பார்ப்பது. முன்பக்கம் செம்மண், இரண்டு மணி நேரத்தில் குழி காலி. பின்பக்கக் குழியில் மறுநாள் காலையிலும் பாதி நின்றது. ஒரு அடிக்குக் கீழே வெளிறிய சேடி மண், ஒருவகைக் களி. அதில் வெள்ளத்தை ஊற வைப்பது நடக்காத காரியம், நகர்த்தித்தான் ஆக வேண்டும். நகர்த்தி, உறிஞ்சுகிற முன்பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

பங்குனியில் பிரேக்கர் மெஷின்காரரைக் கூப்பிட்டு, நான் காசு கொடுத்துப் போட்ட கான்கிரீட்டை மறுபடியும் காசு கொடுத்து உடைத்தேன். வீட்டுக்காரர் வீடியோ காலில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே பெரிய உபகாரம்.

பிறகு மண் வெட்டல். சுவரிலிருந்து 8 அடிக்கு 5 அங்குலம் இறங்குகிற மாதிரி. அங்கே ஒரு ஆழமில்லாத பள்ளம். அதற்கு அப்புறம் கையாலை வரை மேடு. பள்ளம் வீட்டின் பின்புறமாக 45 அடி ஓடும், 100 அடிக்கு ஒரு அடி என்ற சரிவில். 45 அடிக்கு ஐந்தரை அங்குலம். கயிறு கட்டி, டியூப்பில் மட்டம் பார்த்து ஐந்தடிக்கு ஒரு முளை அடித்தேன். தினமும் சாயங்காலம் நாலு அடி நான் வெட்டினேன். முதுகு போனதும் ஒரு அண்ணனை இரண்டு நாள் கூலிக்கு வைத்தேன். கான்கிரீட்டோடு சேர்த்து வெளியே போனது ஏறக்குறைய இரண்டேகால் யூனிட் (ஒரு யூனிட் என்றால் 100 கன அடி). மண்ணை முன்பக்கத் தாழ்ந்த மூலைக்கும் மட்டி வாழை மூட்டுக்கும் தள்ளினோம்.

மூன்றாம் நாள் மம்பட்டி கல்லில் மோதியது. தோண்டிப் பார்த்தால் வரிசையாக வெட்டுக்கல். ஒரு முழம் இடைவெளி விட்டு எதிரே இன்னொரு வரிசை. நடுவில் கறுத்த வண்டல். மாமா ஊன்றுகோலோடு வந்து குனிந்து பார்த்தார்.

“இது பழைய ஓடைல்லா, மக்களே.”

“எந்த ஓடை மாமா?”

“மேல்விளை வெள்ளம் இதுலதான் எறங்கும். வீடு வைக்கும்ப மூடினது. அந்தப் பிலா நின்ன மூட்டுல தோண்டிப் பாரு, மடை கெடக்கும்.”

அந்தப் பலா மரம் 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயலில் விழுந்தது. வேரோடு சாய்ந்த குழியைக் கட்டட இடிபாடு போட்டு நிரப்பியவர்கள் நாங்கள்தான். தோண்டினேன். மடைக்கல் இருந்தது, எங்கள் செங்கல் துண்டுகளுக்கு அடியில். மரச்சீனிக் கம்பு காட்டிய கோட்டைக் கொண்டுபோய்ப் பொருத்தினால், மேல்பாதி அப்படியே இந்த ஓடைதான்.

“இத்தனை நாள் ஏன் மாமா சொல்லல்லை?”

“நீ கான்கிரீட் போடும்ப எங்கிட்ட கேட்டியா?”

அதற்கு மேல் நான் பேசவில்லை.

பழைய ஓடையையே பாதி தூரம் பயன்படுத்திக்கொண்டேன். வரிசை கலைந்த இடத்தில் கல்லை நிமிர்த்தி வைத்தோம். வெட்டுக்கல் ஒரு விசித்திரமான சாமான். பூமிக்குள் இருக்கும்போது மழுவால் வெட்ட வரும், காற்றுப்பட்டால் இறுகிவிடும். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மலப்புறத்து அங்காடிப்புறத்தில் இதைப் பார்த்துத்தான், 1807-இல் வெளிவந்த தன் நூலில், செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பெயர் வைத்தார். இத்தனை வருடம் மண்ணுக்குள் கிடந்த கல்லில் நகம் பதியவில்லை.

இனி அடியில் போட்ட குழாய். மேலே ஓடுகிற வெள்ளத்தைப் பள்ளம் பார்த்துக்கொள்ளும். சேடிக்கு மேலே கசிந்து வருவதற்கு அடியில் ஒரு வழி வேண்டும். அதற்கு ஒன்றரை அடி ஆழ வாய்க்கால் எடுத்து, ஜல்லி நிரப்பி, நடுவில் துளை போட்ட 4 அங்குலக் குழாய். பிரெஞ்சு வடிகால் என்பார்கள். பிரான்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹென்றி ஃபிளாக் பிரெஞ்சு என்ற அமெரிக்கர் 1859-இல் வயல் வடிகால் பற்றிய நூலில் எழுதியதால் அந்தப் பெயர். அவர் குழாய் போடவில்லை, வீட்டுக் கூரை ஓட்டைச் சின்ன இடைவெளி விட்டு அடுக்கினார். பழைய வீட்டு ஓடு எங்களிடமும் ஒரு குவியல் கிடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, குழாயின் துளைகளை மேல்நோக்கி வைத்தேன். மேலிருந்து வருகிற வெள்ளம் மேலே இருக்கிற துளையில்தானே விழும்? இல்லை. வாய்க்காலில் வெள்ளம் அடியிலிருந்துதான் நிறைந்து வரும். துளை மேலே இருந்தால் குழாய் முழுக்க மூழ்கின பிறகுதான் உள்ளே போகும். துளை கீழ்ப்பக்கம், கடிகாரத்தில் நாலுக்கும் எட்டுக்கும் நேராக இருக்க வேண்டும். இரண்டு, சேறு போகாமலிருக்க மாமியின் பழைய நூல் சேலையைக் கிழித்துக் குழாயில் சுற்றினேன். சித்திரைக் கோடை மழை இரண்டு பெய்தது. குழாயின் வாயில் சொட்டுக்கூட வரவில்லை, பள்ளத்தில் குளம். பிரித்துப் பார்த்தால் சேலை நெடுக சேடி அப்பி, தோசை மாவு பூசின மாதிரி இருந்தது.

20 அடியை வெளியே எடுத்து மறுபடி போட்டேன். இந்தத் தடவை ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதுவும் குழாயில் சுற்றாமல் வாய்க்காலின் உட்பக்கம் முழுக்க விரித்து. அடியில் 2 அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் குழாய், சுற்றிலும் ஜல்லி, கடைசியில் துணியைப் போர்வை மாதிரி மேலே மடக்கி, அதன்மேல் உடைந்த ஓட்டுத் துண்டுகள். சேறு துணிக்கு வெளியே நிற்கும். துணியின் பரப்பு பெரிது, சீக்கிரம் அடையாது.

எல்லாம் சரி, வெள்ளத்தை எங்கே விடுவது? சரிவு இயல்பாகச் சேச்சியின் மரச்சீனிக்குத்தான் போகிறது. நான் மண் வெட்டுவதைப் பார்த்து ஒருநாள் வேலியோரம் வந்து நின்றுகொண்டார். “இதெல்லாம் எங்க பறம்புல விடப்போறியா? கெழங்கு முழுக்க அழுகிப்போவும் கேட்டியா.” நியாயமான பயம். ஒரு வாரம் ஈரத்தில் நின்றால் மரச்சீனி தாங்காது. டீ போட்டுக் கொடுத்து, டியூப்பையும் முளைகளையும் காட்டி, குழாய் முன்பக்கம் திரும்புகிற இடம் வரை நடக்க வைத்தபிறகுதான் முகம் மாறியது.

முன்பக்கத்தில், கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் தள்ளி, 6 அடிக்கு 6 அடி, 4 அடி ஆழத்தில் ஒரு குழி. அடியில் கல், மேலே தென்னந்தோப்பில் புதைக்கிற மாதிரி கதம்பையை, அதாவது தேங்காய் உரிமட்டையை, குழிந்த பக்கம் மேல்நோக்கி அடுக்கினேன். அப்படி வைத்தால்தான் ஈரம் பிடிக்கும். வெறும் குழி என்றால் 4,000 லிட்டர் கொள்ளும். கல்லும் கதம்பையும் போக, சுமார் 1,600 லிட்டர்தான். பெருமழைக்குப் போதாது என்று தெரியும். அதற்கு விளிம்பில் ஒரு வழிவு, ரோட்டோர ஓடைக்கு. கூரைக் குழாயையும் சுவரடியிலிருந்து நீட்டித் தனிக் குழாயாக இந்தக் குழிக்கே கொண்டுவந்துவிட்டேன். இந்த ஒரு வேலையை மட்டும் முதலில் செய்திருந்தால் பாதி ஈரம் குறைந்திருக்கும், செலவு ஐந்நூறு ரூபாய்க்குள். கொசுதான் பயம், ஆனால் கொசு முட்டை பறக்கிற கொசுவாக ஒரு வாரமாவது வேண்டும், குழி இரண்டு நாளில் வற்றுகிறது.

எடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, சொன்னபடி வந்தது. முதல் ராத்திரியே பாட்டில் மழைமானியில் 62 மில்லிமீட்டர். டார்ச்சோடு வெளியே போனேன். பள்ளத்தில் சிவப்பாக ஓடியது, ஆனால் ஓடியது. குழாய் வாயில் தெளிந்த வெள்ளம், கை மணிக்கட்டுப் பருமன். சுவரோரம் மண் நனைந்திருந்தது, நிற்கவில்லை. ஒரே சேதம், பள்ளம் திரும்புகிற வளைவில் கரை அரித்து ஒரு கூடை மண் போனது. அங்கே கல் பதித்து, மேட்டில் வெட்டிவேர் நட்டிருக்கிறேன், முழம் இடைவெளியில். வேர் பிடிக்க இன்னும் ஒரு மழைக்காலம் ஆகும்.

ஆனி இருபது வரை நாலு பெருமழை. கிணறு ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து மூலை மட்டும் இன்னும் சதசதவென்று கிடக்கிறது. அது மழை வெள்ளமில்லை, சோப்பு வெள்ளம். அதைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்புவது மழை விட்ட பிறகு.

சமையலறைச் சுவரில் ஓதம் நின்ற உயரத்தைப் பங்குனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தேன்: 18 அங்குலம். நேற்று ஈரம் 13-இல் நின்றது. தைக்கு முன்னால் பெயின்ட் அடிக்கக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். இந்தத் தடவை கேட்டுக்கொண்டேன்.