அந்திரேயா ஆலயத்தை ஒட்டி ஒரு குருமனை

ஆல்ஃபிரிஸ்டனுக்குப் போனது அந்திரேயா ஆலயத்தில் ஜெபிக்கத்தான். இங்கிலாந்தின் தென்பகுதியில், சசெக்ஸில், கக்மியர் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர் அது. பெர்விக் ஸ்டேஷனில் இறங்கிப் போனேன். சிலுவை வடிவில் சிக்கிமுக்கிக் கல்லால் எழுப்பிய 14-ஆம் நூற்றாண்டு ஆலயம். நெடுநேரம் முழங்காலில் இருந்துவிட்டு வெளியே வந்தேன். பக்கத்திலேயே, கூரை வேய்ந்த பழைய குருமனை, அதாவது குருவானவர் தங்கும் வீடு. சங்கீதத்தில் வரும், பலிபீடத்தண்டையில் வீடு கண்ட அடைக்கலான் குருவிதான் நினைவுக்கு வந்தது.

இதுவும் ஏறக்குறைய ஆலயத்தின் வயதுதான். ஓக் மரச் சட்டம், இடையிடையே வரிச்சு கட்டி மண் பூசிய சுவர். வீல்டன் கூடவீடு என்பார்கள். இந்த வகை வீடுகளில் இரு முனைகளிலும் மாடி முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும், நடுக்கூடம் உள்வாங்கியிருக்கும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூரை. கூடத்துக்கு மேலே மாடி கிடையாது. அண்ணாந்தால் உத்தரமும் கைமரமும் அப்படியே தெரிகின்றன. அந்தக் காலத்தில் கூடத்தின் நடுவே தரையில் நெருப்பு மூட்டுவார்கள். புகைபோக்கி இல்லாததால் புகை கூரை வழியாகவே வெளியேற வேண்டும்.

என்னை நிறுத்தி வைத்தது தரைதான். சுண்ணப்பாறையை உடைத்துப் பரப்பி, இடித்து இறுக்கி, புளித்த பால் ஊற்றி மெழுகிய தரை. குனிந்து பார்த்தேன்: வெளுத்து, லேசாக மேடுபள்ளமாக, பாட்டி மெழுகிய திண்ணையைப் போல இருந்தது. வேதம் படித்த குருமார் நடமாடிய வீட்டில் பளிங்கு இல்லை, அந்த மண்ணில் கிடைத்த பாறையும் பாலும்தான். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த வீடு இல்லாமலே போயிருக்கும். 1880-களில் இடிக்க அனுமதியே கொடுத்துவிட்டார்கள். அப்புறம் ஊர்க் குருவானவராக வந்த பெய்னன் விடாமல் போராடினார். பழைய கட்டடங்களையும் இயற்கை எழில் உள்ள இடங்களையும் காக்க 1895-இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு மறு வருஷமே இதை 10 பவுண்டுக்கு வாங்கியது. அவர்கள் வாங்கிய முதல் கட்டடம் இதுதான். டிரஸ்டைத் தொடங்கிய மூவரில் ஹார்ட்விக் ரான்ஸ்லியும் ஒரு குருவானவர் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

கூடத்து மரவேலையில் ஓரிடத்தில் ஓர் ஓக் இலை செதுக்கியிருக்கிறது. டிரஸ்டின் சின்னமான ஓக் இலை இதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். உளி பிடித்தவர் யாரோ, பெயர் தெரியாது. அந்த இலைக்குக் கீழே நின்று, அவருக்காகவும் சேர்த்து, பரமண்டல ஜெபத்தை மெல்லச் சொன்னேன்.