ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர்க் குழாயும்

போட் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடலில்தான் என்று நினைத்திருந்தேன். பாதி ஞாயிறு கார் போர்ச்சில் போகிறது, கையில் தண்ணீர்க் குழாயோடு.

பினாங்கில் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போனாலே பிள்ளைகள் பனானா போட் (போட் இழுத்துப்போகும் நீளமான காற்றடைத்த மிதவை) கேட்பார்கள், பத்து நிமிஷத்துக்குக் காசு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய் மச்சானும் நானும் பாதிப் பாதி போட்டு ஒரு பழைய 15 அடி ஃபைபர் போட்டை டிரெய்லரோடு வாங்கிவிட்டோம். 40 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் யமஹா. பிள்ளைகளைக் காற்றடைத்த டியூபில் உட்கார வைத்துப் பின்னால் இழுக்க அது போதும். மச்சானை வேக்போர்டோடு (நின்றபடி இழுபட்டுப் போகும் பலகை) தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்த அதற்குத் தெம்பில்லை, அவன் எஞ்சினைத்தான் குறை சொல்கிறான்.

இதற்கு முன்னால் பார்த்தது இன்னும் அழகான போட். நீலப் பெயிண்ட், புது சீட், ஸ்பீக்கர்கூட இருந்தது. முன்பணம் கொடுக்கப் போனவன், நல்லவேளை, பத்து மாவோங்கில் எஞ்சின் பார்க்கும் சீன அங்கிள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பெயிண்டைத் திரும்பியே பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய் எஞ்சின் மாட்டியிருக்கும் பலகையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக், அப்புறம் தப் என்று ஒரு செத்த சத்தம். எஞ்சினின் காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியை, பிடித்து மேலும் கீழும் ஆட்டினார், பலகையும் சேர்ந்து அசைந்தது. ஃபைபருக்கு உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறி உளுத்துப்போயிருக்கிறது, எஞ்சின் ஒருநாள் தனியாகக் கடலுக்குப் போகும் என்றார். பெயிண்ட் அடித்தவருக்கு அது தெரிந்துதான் இருக்கும்.

இப்போது இருக்கும் போட்டுக்குச் சீட் கிழிசல், பலகை கல் மாதிரி. பேப்பர் விஷயம் மட்டும் சுருக்கமாக: ஜபாத்தான் லாவுட் (மலேசியக் கடல்துறை) கொடுத்த போட் லைசன்ஸைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

முதல் நாள் கதையைச் சொன்னால் மானம் போகும், பரவாயில்லை. போட்டின் அடியில், பின்பக்கம், உள்ளே சேரும் தண்ணீரை வடிய விடுவதற்கு ஒரு துளையும் அதற்கொரு மூடியும் இருக்கும். வீட்டில் கழுவிவிட்டு மூடியைப் போர்ச் சுவர் மேல் வைத்தேன். அது அங்கேயே இருந்தது. போட்டைத் தண்ணீரில் இறக்கி ஐந்து நிமிஷத்தில் மகள், “அப்பா, என் செருப்பு மிதக்குது” என்றாள். அன்றிலிருந்து மூடி கார் சாவியோடுதான் தொங்குகிறது.

கடலில் பெரிய சட்டமெல்லாம் இல்லை, இரண்டு விஷயத்தில் மட்டும் நான் விடாப்பிடி. ஓட்டுகிறவன் முன்னால்தான் பார்ப்பான், டியூபைப் பார்த்துக்கொண்டே வர இன்னொரு பெரிய ஆள் வேண்டும். விழுந்த பிள்ளையை ஏற்றும்போது எஞ்சின் நிற்க வேண்டும், நியூட்ரலில்கூட இருக்கக் கூடாது, அடியில் சுற்றுவது கத்தி. விடியற்காலையில் மேற்கே வானம் கறுத்தால் அது சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்று மழை. நாங்கள் அன்றைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விடுவோம்.

திரும்பி வந்ததும் தண்ணீர்க் குழாய். எஞ்சினின் காலில் தண்ணீர் இழுக்கும் துளைகள் மேல் ரப்பர் காது மாதிரி ஒன்றை மாட்டி, குழாயைத் திறந்துவிட்டு, பிறகுதான் ஸ்டார்ட். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் சக்கரம், இம்பெல்லர், சில விநாடியில் தீய்ந்துவிடும். பத்து நிமிஷம் நல்ல தண்ணீர் ஓடினால் உப்பு போகும். எஞ்சின் பின்னாலிருந்து மெல்லிய தாரையாக வெளியே அடிக்கும் தண்ணீரைப் பாருங்கள். அது சூம்பினால் ஏதோ அடைத்திருக்கிறது, அல்லது இம்பெல்லர் போய்விட்டது. எங்கள் பக்கம் தண்ணீர் வற்றும்போது வெறும் சேறு, அதையும் அது உறிஞ்சும். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இந்தச் சத்தம் ஆகாது, அதனால் ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும்.

போன மாதம் கியர் ஆயிலை வடித்தால் தேத்தாரிக் (பால் டீ) நிறத்தில் வந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எஞ்சின் காற்றாடியை (புரொபெல்லர்) கழற்றிப் பார்த்தோம், தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு இறுகி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தையே அறுத்திருந்தது. யார் போட்ட தூண்டிலோ என்று திட்டினேன்.

மச்சான் வாயே திறக்கவில்லை. போட்டில் தூண்டில் போடுகிறவன் அவன் ஒருவன்தான்.