ஃபார்னபியின் எட்டு பார்: இரண்டு விர்ஜினல், ஒரே ஆள்

மூன்று வாரமாக வாசித்துப் பழகுவது எட்டே எட்டு பார், அதாவது எட்டு தாளக்கட்டம். இங்கிலாந்து இசையமைப்பாளர் ஜைல்ஸ் ஃபார்னபியின் ‘ஃபார் டூ விர்ஜினல்ஸ்’. விர்ஜினல் என்பது பியானோவுக்கு முந்தைய கம்பிக் கீபோர்டு, ஹார்ப்சிகார்டின் சின்ன வடிவம். கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய கையெழுத்துத் தொகுப்பு இருக்கிறது, கிட்டத்தட்ட முந்நூறு உருப்படிகள், அதற்குள் இந்தச் சின்னது. ஒரு விர்ஜினல் மெட்டை அப்படியே வாசிக்க, இன்னொன்று அதே மெட்டைப் பொடிப்பொடி ஸ்வரங்களாக உடைத்துக் கூடவே ஓடும். இரண்டு கீபோர்டுக்கென்று எழுதியவற்றில் இன்று கிடைக்கிற மிகப் பழையவற்றில் ஒன்று இது. ஃபார்னபி லண்டனில் மரவேலைத் தொழில் கற்றவர், 1592இல் ஆக்ஸ்ஃபோர்டில் இசைப் பட்டமும் வாங்கியவர். அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

என்னிடம் விர்ஜினலும் இல்லை, கூட வாசிக்க ஆளும் இல்லை. டிஜிட்டல் பியானோவில் ஹார்ப்சிகார்ட் ஒலியை வைத்து, முதல் பகுதியைப் பதிவு செய்து, அதை ஓடவிட்டு இரண்டாவதை வாசிக்கலாம் என்று ஆரம்பித்தேன்.

முதலில் டச் சென்சிட்டிவிட்டியை, அதாவது அழுத்தும் வேகத்துக்கேற்ப சத்தம் கூடிக் குறையும் வசதியை, அணைத்தேன். விர்ஜினலில் இறகு முனை கம்பியைச் சுண்டுகிறது, ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அணைத்ததும் என் வாசிப்பு தட்டையாகிவிட்டது. ஒரு ஸ்வரம் எடுப்பாகக் கேட்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஸ்வரத்திலிருந்து விரலைக் கொஞ்சம் சீக்கிரம் எடுக்க வேண்டும், அந்தச் சின்ன இடைவெளிதான் அழுத்தமாகக் காதில் விழுகிறது என்று புரிய நாலு நாள் ஆனது. அக்கால இங்கிலாந்து விரலமைப்பில் வலது கை ஏறும்போது 3-4-3-4 என்று, அதாவது நடுவிரலும் மோதிரவிரலும் மாறி மாறி, போகும். அப்படி வாசித்துப் பார்த்தேன், ஸ்வரங்கள் தானாகவே இரண்டிரண்டாகச் சேர்ந்துகொண்டன.

மீன்டோன் என்ற பழைய சுருதி முறைக்கு மாற்றியது இன்னொரு சந்தோஷம். வழக்கமான பியானோ சுருதியில் மேஜர் தேர்ட் (ஸ–க3 இடைவெளி) சுத்தமான இடத்தைவிட சுமார் 14 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையில் 100 சென்ட்) ஏறி நிற்கும். மீன்டோனில் அது அப்படியே படிந்துவிடுகிறது. கடைசியில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை (கார்டு) மட்டும் திரும்பத் திரும்ப அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, உண்மையான சிக்கல் எளிதென்று நினைத்த முதல் பகுதியில்தான் இருந்தது. இரண்டே நாளில் பதிவு முடித்துவிட்டேன், ஆனால் அதனோடு இரண்டாவதை வாசித்தால் நாலாவது பாரில் ஒவ்வொரு முறையும் முட்டியது, ஏனென்றால் அங்கே என்னை அறியாமல் வேகத்தைத் தளர்த்தியிருந்தேன். சீராகத் தட்டும் தாளக் கருவியான மெட்ரோனோம் வைத்துப் பதிவு செய்தால் முட்டவில்லை, ஆனால் மூச்சும் இல்லை. அப்புறம் இரண்டாவது பகுதியை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே முதலாவதைப் பதிவு செய்தேன், அந்தப் பொடி ஸ்வரங்களுக்கு எங்கே இடம் வேண்டும் என்பது வாயிலேயே தெரிந்ததால் கை அங்கே காத்திருந்தது.

இன்று காலை பதிவும் நானும் முதல் தடவையாக ஒன்றாக முடித்தோம். நாளையிலிருந்து மாற்றிப் பார்க்கப் போகிறேன்: உடைத்து ஓடும் பகுதி பதிவில், எளிய பகுதி என் கையில்.