பிழை யாரில்? வரைபடம் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பாருங்கள்

வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று அறிவித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தல் மேடையிலும், நாட்டைக் கடனில் தள்ளியது யார் என்ற ஒரே வழக்குத்தான். மொட்டு (ராஜபக்ஷக்களின் கட்சி) நல்லாட்சியை (2015–2019 மைத்திரி–ரணில் அரசு) காட்டும், நல்லாட்சி மொட்டைக் காட்டும், திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) சுதந்திரத்துக்குப் பிந்தைய 76 வருடத்தையும் சேர்த்துக் காட்டும். சொல்லப்படும் எண்கள் பெரும்பாலும் பொய்யல்ல. வரைபடத்தை எந்த ஆண்டில் தொடங்குகிறார்கள், ரூபாவில் காட்டுகிறார்களா டொலரிலா என்பதில்தான் கைவேலை இருக்கிறது.

முதலில் ரூபா. 2014 முடிவில் டொலர் ஏறத்தாழ 131 ரூபா, 2019 முடிவில் 181.6. ஒரு பில்லியன் டொலர் பழைய கடன் ஒரு சதம்கூட ஏறாமல், கணக்கேட்டில் 131 பில்லியன் ரூபாவிலிருந்து 181.6 பில்லியனாகிவிடும். ஆகவே "ஐந்து வருடத்தில் கடன் இவ்வளவு டிரில்லியன் ஏறியது" என்று ஒருவர் சொன்னால், வெளிநாட்டுக் கடனை டொலரில் தனியே பிரித்துக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே தடுமாறுவார்கள்.

அடுத்து, சர்வதேச இறைமைப் பிணைமுறிகள், அதாவது அரசு வெளிநாட்டுச் சந்தையில் டொலருக்கு விற்கும் கடன் பத்திரங்கள். நெருக்கடியின் முதுகெலும்பு இவைதான். மஹிந்த ஆட்சி 2007இல் 500 மில்லியனில் தொடங்கி 2014 வரை 5.5 பில்லியன் டொலருக்கு விற்றது. நல்லாட்சி 2015இல் 2.15, 2016இல் 1.5, 2017இல் 1.5, 2018இல் 2.5, 2019இல் 4.4 என்று 12.05 பில்லியனுக்கு விற்றது. மொத்தம் 17.55. இதில் 2022 ஜனவரி வரை 5 பில்லியன் அடைக்கப்பட்டது. மிச்சம் 12.55 பில்லியன். மேடையில் யாராவது வேறு எண் சொன்னால் இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்துபாருங்கள், ஒரு நிமிட வேலை.

அப்படியானால் மொட்டு சொல்வது சரியா? கடன் வாங்கியது யார் என்ற கேள்விக்கு மட்டும், பெரும்பகுதி சரி. "பழைய கடனை அடைக்கத்தான் வாங்கினோம்" என்ற நல்லாட்சியின் மறுமொழியிலும் உண்மை உண்டு. ஆனால் 2014 முடிவில் 8.2 பில்லியன் டொலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 12 பில்லியனுக்குப் பிணைமுறி விற்ற பிறகு 2019 முடிவில் 7.6தான். ஏற்றுமதி தேவையான அளவு வளரவில்லை. புதிதாக விற்றுப் பழையதை அடைக்கலாம் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட வீடு அது. சந்தை ஒருநாள் கதவைச் சாத்தினால் கூரை நிற்காது.

சந்தை ஏன் சாத்தியது என்பது வேறு கேள்வி. அதற்கான விடை 2019 டிசம்பர் 1இல் தொடங்குகிறது. அன்று, புதிதாக வந்த கோட்டாபய ஆட்சியில், வற் (பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்திலிருந்து 8ஆகக் குறைந்தது. வற் வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய எல்லை ஆண்டு விற்பனை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனுக்குத் தாவியது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீங்கியது, சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் வரி ஜனவரியிலிருந்து போனது. வரி வருமானம் 2019இல் 1,735 பில்லியன் ரூபா, 2020இல் 1,217. வரி கட்டுவோரின் எண்ணிக்கையில் பார்த்தால் வீதத்தைவிடப் பதிவு எல்லைதான் பெரிய வெட்டு: ஒரே இரவில் வலைக்கு வெளியே போன வியாபாரங்களைத் திரும்ப உள்ளே இழுக்க ஆண்டுகள் பிடிக்கும். வீதத்தை ஒரு வர்த்தமானியில் ஏற்றிவிடலாம்.

"கொவிட்தான் காரணம்" என்று சொல்பவர்களுக்குத் தேதி ஒத்துழைக்காது. சுற்றுலா வருமானம் 2018இல் 4.4 பில்லியன் டொலர், 2021இல் அரை பில்லியன். அந்த அடி உண்மையானது, ஈஸ்டர் குண்டுவெடிப்பும் அதில் சேர்த்தி. ஆனால் தரநிர்ணய நிறுவனமான ஃபிட்ச் இலங்கை பற்றிய தன் கண்ணோட்டத்தை எதிர்மறையாக்கியது 2019 டிசம்பரில், கொவிட் வருவதற்கு முன். 2020 முடிவதற்குள் மூன்று பெரிய தரநிர்ணய நிறுவனங்களும் நாட்டைக் கீழ்மட்டத்துக்குத் தள்ளிவிட்டன. அதன்பின் புதுப் பிணைமுறி விற்க வழியே இல்லை.

அடுத்த பிழைகள் ஒன்றையொன்று இழுத்துவந்தன. வருமானம் இல்லாததால் திறைசேரி உண்டியல்களை (அரசின் குறுங்காலக் கடன் பத்திரங்கள்) விற்க வேண்டும். வட்டிக்கு உச்சவரம்பு வைத்ததால் ஏலத்தில் ஆள் வரவில்லை. மீதியை மத்திய வங்கியே வாங்கியது. அதன் கையிலிருந்த உண்டியல்கள் 2019 முடிவில் சுமார் 75 பில்லியன் ரூபா, 2021 முடிவில் சுமார் 1.4 டிரில்லியன். இதைத்தான் சனம் "காசு அடிச்சது" என்கிறது. இத்தனை ரூபாவைப் பாயவிட்டுக்கொண்டே, 2021 செப்டம்பரிலிருந்து டொலரை 200–203க்குள் பிடித்துவைத்தார்கள். வெளியே அதிகம் கிடைக்கும்போது வங்கிவழி யார் அனுப்புவார்? டோஹாவிலிருந்தும் டுபாயிலிருந்தும் உழைப்பவர்கள் அனுப்பிய காசு மற்ற உண்டியலுக்குள், அதாவது வங்கிக்கு வெளியே நடக்கும் பணமாற்றுக்குள், போனது. வங்கிவழி வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5. இந்த நிலையில் 2022 ஜனவரி 18 அன்று முதிர்ந்த ஒரு பிணைமுறிக்காக 500 மில்லியன் டொலர் கொடுக்கப்பட்டது. எரிபொருள் வரிசைகள் நீளத் தொடங்கிய காலம் அது.

இரசாயனப் பசளைத் தடை பற்றி ஒரு வார்த்தை. பெரும்போக நெல்லை அது நாசமாக்கியது, விவசாயியின் முதுகை முறித்தது. ஆனால் டொலர் தீர்ந்ததற்கு அதையே முதற்காரணமாகச் சொல்வது அளவுக்கு மீறியது. 2020இல் பசளை இறக்குமதிச் செலவு சுமார் 259 மில்லியன் டொலர். மேலே சொன்ன எண்களோடு ஒப்பிட்டால் போதும்.

அரகலயதான் (2022 மக்கள் போராட்டம்) நாட்டைக் கவிழ்த்தது என்ற கதைக்கும் நாட்காட்டியே மறுமொழி. ரூபாவை மிதக்கவிட்டது 2022 மார்ச் 7. மிரிஹானவில் கோட்டாபயவின் வீட்டருகே சனம் கூடியது மார்ச் 31, காலிமுகத்திடலில் ஏப்ரல் 9.

2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் 4க்கு 1 பெரும்பான்மையில் கோட்டாபய, மஹிந்த, பஸில், மத்திய வங்கி முன்னாள் ஆளுநர் கப்ரால் உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. நல்லாட்சித் தரப்பு இதைத் தன் நற்சான்றிதழாகக் காட்டுகிறது. அந்த வழக்கில் பிரதிவாதிகள் 2019க்குப் பின் முடிவெடுத்தவர்கள். 12.05 பில்லியன் பற்றி அந்த மன்றம் விசாரிக்கவில்லை.